பியானோ என்று எழுதிய ரோல்

லான்சோ ஸ்டர்டிவன்ட் காலை ஒன்பது மணியிலிருந்து அந்த இடத்தைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தார். ஹார்லெமில், நூற்று முப்பத்தெட்டாம் தெருவில் நாலு மாடி ஏறி மூச்சு வாங்க வந்து சேரும் அந்த ஸ்டுடியோவில் அவர் கை படாத அலமாரி இல்லை. சோபா மெத்தையைத் தூக்கிப் பார்த்தாயிற்று. குப்பைக் கூடையைத் தரையில் கவிழ்த்துக் குப்பையைக் கையால் அளைந்தாயிற்று.

"வெள்ளை டேப் ஒட்டியிருக்கும். சிவப்பு மையில பியானோன்னு எழுதியிருப்பேன். ஒரே ஒரு ரோல்யா. கால் மொளச்சு நடந்தா போயிருக்கும்?"

ஆஸ்பத்திரியில் காலை ஷிஃப்டை முடித்துக்கொண்டு பன்னிரண்டரை மணிக்கு உள்ளே நுழைந்த வெர்லீன் பெட்டிஃபோர்டின் காதில் விழுந்தது இதுதான். பாவம் மனுஷன் என்று நினைத்தாள். நின்று தேட அவளுக்கு நேரமில்லை. ஐந்து மணிக்குள் அச்சகத்தில் ஒரு படத்தைக் கொடுத்தாக வேண்டும், இன்னும் ஃபிலிமைக் கழுவக்கூட இல்லை. இருட்டறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். விளக்கைப் போட்டு, கேமராவின் முதுகைத் திறந்து, புதன்கிழமை படம் எடுத்து முடித்துக் கூட்டுக்குள் சுற்றி வைத்த ரோலை எடுத்தாள்.

வெள்ளை டேப். சிவப்பு மை. பியானோ.

வெர்லீன் டேப்பை ஒரு தரம் விரலால் தேய்த்துப் பார்த்தாள், தேய்த்தால் எழுத்து மாறிவிடும் என்பது போல. மாறவில்லை. ரோலை மேசைமேல் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அந்த ரோலில் அவள் எடுத்திருந்தது, சர்ச்சில் ஊழியம் பார்த்த டீக்கன் ஃபிட்ஸ்ஜெரால்ட் கிட்டென்ஸை. பார்படோஸிலிருந்து வந்தவர். நகரத்தின் தெற்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் நாற்பத்தோரு வருடம் லிஃப்ட் ஓட்டியவர். புதன்கிழமை மாலை அவர் மனைவி ஐயாந்தா வெர்லீனைக் கூப்பிட்டனுப்பினாள். டாக்டர் கைவிட்டுவிட்டார். அந்த மனிதருக்கு வாழ்நாளில் இருந்த ஒரே படம் ஹோட்டல்காரர்கள் எடுத்தது. பித்தளைப் பொத்தான் வைத்த சட்டை, தலையில் வட்டத் தொப்பி.

"நாப்பத்தோரு வருஷம் அந்தத் தொப்பியைப் போட்டுக்கிட்டு மத்தவங்களை மேல ஏத்தி இறக்கினாரு" என்றாள் ஐயாந்தா. "இவரு மேல போகும்போதும் அதே தொப்பியோடயா போகணும்? நான் விட மாட்டேன். நீ அவரை அவரா எடு."

வெர்லீன் எடுத்தாள். ஜன்னலோரம் நாற்காலி போட்டு, தனக்கென்று அவர் தைத்துக்கொண்ட சந்தன நிறக் கோட்டுடன், முப்பத்தாறு படம். எடுத்து முடித்தபோது டீக்கன் தூங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை விடியலில் போய்ச் சேர்ந்தார். திங்கட்கிழமை சர்ச்சில் வழியனுப்பு. அன்றைக்கு எல்லார் கையிலும் கொடுக்கும் புத்தகத்தின் அட்டையில் படம் போட வேண்டும். அச்சகம் சனிக்கிழமை ஐந்து மணிக்குப் பூட்டிவிடும். வெர்லீன் படம் கொடுக்காவிட்டால் அட்டையில் தொப்பிதான்.

லான்சோவின் ரோலில் இருந்தது என்ன என்று ஹார்லெமில் கேள்விப்படாத ஆளே இல்லை. செவ்வாய்க்கிழமை கொட்டுகிற மழையில், வாடகை பாக்கிக்காக ஒரு கட்டிடத்தையே காலி செய்து சாமான்களை நடைபாதையில் எறிந்திருந்தார்கள். அந்த வீட்டு அம்மாள் ஒருத்தி, நனைந்துகொண்டிருந்த தன் பியானோவின் முன்னால் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கிவிட்டாள். போலீஸ்காரர்கூட குடையை இறக்கிவிட்டு நின்றாராம். லான்சோ அதை நாலு நாளாகச் சொல்லிச் சொல்லி, கேட்டவர்களுக்கெல்லாம் படத்தைப் பார்த்துவிட்டது போலவே ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மியூசியத்திலிருந்து ஒரு அம்மாள் வரப்போகிறாள், இந்த ஸ்டுடியோவில் கூடும் படக்காரர்கள் வட்டத்தின் முதல் பெரிய கண்காட்சிக்குப் படம் பொறுக்க. வட்டத்துப் பையன் ரூடெல் தட்டச்சு செய்த பட்டியலில் முதல் வரியே இதுதான்: நடுச் சுவர், பியானோ, லான்சோ ஸ்டர்டிவன்ட்.

அந்த ரோல்மேல் வெர்லீன் டீக்கனை எடுத்திருக்கிறாள். ஒரு படத்தின்மேல் இன்னொரு படம்.

எப்படி நடந்தது என்று யோசித்தால் இதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. கடையில் ரோல் வாங்க யாருக்கும் கட்டுப்படியாகாது. நூறடி ஃபிலிமை மொத்தமாக வாங்கி, இருட்டில் வெட்டி, பழைய கூடுகளில் தாங்களே சுற்றிக்கொள்வார்கள். கூடுகளில் மூன்று வருடத்து டேப் எல்லாம் ஒட்டிக்கிடக்கும், எவரும் படிப்பதில்லை. பார்ப்பது ஃபிலிமின் நாக்கை மட்டும். நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் புது ரோல், பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். நாக்கு உள்ளே போயிருந்தால் எடுத்து முடித்தது, காப்பி டப்பாவுக்குப் போகும். வட்டத்தில் வேறு எதற்கு அடித்துக்கொண்டாலும் இதற்கு அடித்துக்கொண்டதில்லை. புதன்கிழமை வெர்லீன் பிஸ்கட் டப்பாவில் கையை விட்டு, நாக்கு வெளியே இருந்த ரோலைத்தான் எடுத்தாள். சத்தியமாக அதைத்தான் எடுத்தாள்.

அவள் செய்த அடுத்த காரியத்தை மறைக்கக் கூடாது. நகத்தால் டேப்பைச் சுரண்டி எடுத்து, உருண்டையாக உருட்டி, கவுன் பையில் போட்டுக்கொண்டாள். ரோல் இப்போது வெறும் ரோல். தொலைந்தது தொலைந்ததாகவே இருக்கட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். இந்த வட்டத்துக்குள் வர அவள் பட்டபாடு அவளுக்குத்தான் தெரியும். ஆறு வருடமாக பத்து ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண். பகலெல்லாம் எக்ஸ்ரே அறையில் நின்றுவிட்டு மாலையில் கேமராவைத் தூக்கினவள். பத்திரிகையில் இரண்டு தரம் அட்டைப்படம் வந்தது, இரண்டு தரமும் வி. பெட்டிஃபோர்ட் என்றுதான் போட்டார்கள், பாராட்டிக் கடிதம் எழுதினவர்கள் எல்லாம் மிஸ்டர் பெட்டிஃபோர்ட் என்று எழுதினார்கள். அவள் எடுத்தது நன்றாக இருந்தால் அதிர்ஷ்டம். சரியில்லை என்றால், பார்த்தாயா, பெண். இந்த ஒன்று வெளியே தெரிந்தால் போதும், ஜென்மத்துக்கும் பேசுவார்கள்.

கதவைத் தட்டும் சத்தம்.

"வெர்லீனம்மா, உள்ள கொஞ்சம் பாரேன்" என்றார் லான்சோ. குரல் கெஞ்சியது. நாற்பத்தெட்டு வயது, யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாத மனுஷன். "கழுவுற தொட்டிக்கடியில எங்கயாவது உருண்டு போயிருக்கும்."

வெர்லீன் கதவைத் திறந்தாள். "அண்ணே, உங்க ரோல் எங்கிட்டதான் இருக்கு."

அவ்வளவுதான், லான்சோ அவளை இழுத்துக் கட்டிக்கொண்டார். "கடவுளே, கடவுளே" என்று அவள் தலைமேல் முத்தம் கொடுத்தார். "டேய், கிடைச்சிருச்சுடா." பின்னால் கூடியிருந்த வட்டத்தாரின் கைதட்டல் கேட்டது. அந்தக் கைதட்டல் முடிவதற்குள் மீதியைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள். அவர் தோளுக்குள் முகம் புதைந்தபடியே சொன்னாள். அவர் கைகள் மெல்ல மெல்லத் தளர்ந்து கீழே விழுந்தன.

முதலில் வாயைத் திறந்தவன் ரூடெல் ஹேட்சர், வட்டத்திலேயே இளையவன், நாக்கு நீளம்.

"எலும்புப் படம் எடுக்கிற கை இல்லையா. ஒண்ணு மேல ஒண்ணு தெரிஞ்சா என்ன தப்புன்னு நினைச்சிருக்கும்."

"வாயை மூடுறா" என்றார் ஸ்டுடியோவின் சொந்தக்காரர் அம்புரோஸ் டக்கிள். மூடச் சொல்லிவிட்டுத் தான் திறந்தார். "ஏம்மா, டேப்பைப் படிக்கத் தெரியாதா உனக்கு? நான் அன்னைக்கே சொன்னேன். இது பொழுதுபோக்குக்கு வர்ற இடமில்லைன்னு, உன்னைச் சேர்க்க ஓட்டு போடறப்பவே சொன்னேன். கேட்டாங்களா?"

"பிஸ்கட் டப்பாவுல இருந்துச்சு" என்றாள் வெர்லீன். "நாக்கு வெளியில இருந்துச்சு."

"அது நான் போட்டது" என்றார் டக்கிள், என்னவோ மழை வருகிறது என்று சொல்வது போல. "வியாழக்கெழமையா, புதன்கெழமையா? புதன் காலையில. காப்பி டப்பாவுல நாக்கை நீட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. புதுசாச்சேன்னு எடுத்து இதுல போட்டேன்."

இதைக் கேட்டு யாராவது டக்கிளைத் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டார்களா? ம்ஹூம். லான்சோ மட்டும் முணுமுணுத்தார்: "மழையில கை வழுக்குச்சு. முழுசா உள்ள சுத்தாம எடுத்திருப்பேன்." அதோடு அந்தப் பேச்சு அடங்கிப்போயிற்று. குற்றம் எங்கே போய் உட்கார வேண்டுமோ அங்கே போய் வசதியாக உட்கார்ந்துகொண்டது.

"கழுவிப் பார்ப்போம்" என்றார் லான்சோ. "ரெண்டு பேரும் உள்ள. வேற யாரும் வேண்டாம்."

இருட்டில் வெர்லீன் ஃபிலிமை ரீலில் ஏற்றினாள். பதினாலு வருடமாகச் செய்கிற வேலை, கை தானாகச் செய்யும், அன்றைக்குச் செய்யவில்லை. இரண்டு தரம் சிக்கி, இரண்டு தரம் பிரித்தாள். பக்கத்தில் லான்சோ மூச்சு விடுவது கேட்டது. ரீலை டேங்கில் விட்டு, மூடியைப் போட்டு, விளக்கைப் போட்டதும் அடுத்த சண்டை தொடங்கியது.

"பதினாலு நிமிஷம்" என்றார் அவர். "மழை, வெளிச்சமே இல்லை. குறைச்சலாத்தான் விழுந்திருக்கும். பதினாலு நிமிஷம் டெவலப்பர் மருந்துல கிடந்தாத்தான் பியானோ மேல வரும்."

"பதினாலு வச்சா டீக்கன் கருகிருவாருண்ணே. ஜன்னலோரம் எடுத்தது, வெளிர் கோட்டு. எனக்கு ஒம்பது போதும்."

"ஒம்பதுல என்னுது தண்ணியோட தண்ணியாப் போயிரும்."

"பதினாலுல அவரு முகம் போயிரும்."

"வெர்லீன், அது சாவுக்குப் போடற படம். ஒருநாள் பார்த்துட்டு டிராயர்ல வைப்பாங்க. இது சுவர்ல நிக்கப்போறது. நம்ம யாரும் இதுவரைக்கும் ஏறாத சுவர்."

வெர்லீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் தப்பு செய்தவள் என்ற நினைப்பு வாயைக் கட்டியது. அவருடைய ரோல், அவள்தான் கெடுத்தவள், அவள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிமிஷக் கணக்குப் பேசுவது? தொப்பியை நினைத்தாள். ஐயாந்தா நாளைக்குக் கேட்கப்போவதை நினைத்தாள்.

"பதினொண்ணரை" என்றாள். "ரெண்டு பேருக்கும் நல்லதில்லை. ரெண்டு பேரும் கொஞ்சமாவது பிழைக்கட்டும்."

லான்சோ முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தார்.

அந்தப் பதினொன்றரை நிமிஷம் போல ஒரு நீளமான நேரத்தை வெர்லீன் பார்த்ததில்லை. அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் டேங்கைத் தலைகீழாகத் திருப்பினாள். லான்சோ கடிகாரத்தைப் பார்த்து நின்றார். வெளியே யாரோ மீன் வறுவல் வாங்கி வந்திருக்க வேண்டும், வாசனை கதவிடுக்கில் வந்தது. நேற்று மத்தியானத்திலிருந்து சாப்பிடாத அவள் வயிறு அதற்கு இரைந்தது, அதற்கும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஒன்பதாவது நிமிஷம் தாண்டும்போது, இதோ இப்போது மருந்தைக் கீழே ஊற்றிவிடலாம், டீக்கன் பிழைத்துவிடுவார் என்று கை துறுதுறுத்தது. ஊற்றவில்லை. பத்து. டீக்கனின் நெற்றி கருகிக்கொண்டிருக்கும். பதினொன்று. கோட்டு போயிருக்கும்.

பதினொன்றரைக்கு மருந்தைக் கீழே ஊற்றினாள். படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்சரை விட்டு, பொறுக்க முடியாமல் மூடியைத் திறந்து, ரீலிலிருந்து முதல் இரண்டடியை உருவி விளக்குக்கு எதிரே பிடித்தாள்.

டீக்கன். நாற்காலி, ஜன்னல், மடியில் கை. நெகடிவ் கொஞ்சம் அதிகமாகவே கறுத்திருந்தது, ஆனால் நெற்றியிலும் விவரம் இருந்தது, பிரிண்டில் கொண்டுவந்துவிடலாம். அடுத்ததும் டீக்கன். அதற்கடுத்ததும். எதன்மேலும் எதுவும் விழவில்லை. வெர்லீனுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது, சிரித்தேவிட்டாள். சிரித்த பிறகுதான் அதற்கு அர்த்தம் என்ன என்று உறைத்தது.

"குடு" என்றார் லான்சோ.

ஃபிலிம் முழுவதையும் உருவி எடுத்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். முப்பத்தாறையும் பார்த்துவிட்டு முதலிலிருந்து மறுபடி பார்த்தார். ஒரு குடை, ஒரு மழைக்கோடு, பியானோவின் ஒரு கட்டை, எதையாவது தேடினார். முப்பத்தாறிலும் ஒரே மனிதர், தன் சொந்தக் கோட்டில், நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"நாக்கு பிடிக்கவே இல்லை" என்றார் கடைசியில். தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "மழையில அவசரமா மாட்டினேன். சக்கரத்துல நாக்கு பிடிக்காம விட்டிருக்கு. லீவர் சுத்துச்சு, நம்பர் ஏறுச்சு, ஃபிலிம் இருந்த இடத்துல அப்படியே இருந்திருக்கு. நான் ஒண்ணுமே எடுக்கலை வெர்லீன். முப்பத்தாறு தடவை சும்மா க்ளிக் பண்ணியிருக்கேன்."

அதனால்தான் நாக்கு வெளியே இருந்திருக்கிறது. டக்கிள் சரியாகத்தான் போட்டார். அவளும் சரியாகத்தான் எடுத்தாள். அது எப்போதுமே புது ரோல்தான்.

வெர்லீன் ஃபிலிமை வாங்கி ஓடுகிற தண்ணீரில் விட்டாள். ஆறுதல் சொல்ல வார்த்தை தேடினாள். கேமராவுக்குப் பின்னால் நிற்கிற எவருக்கும் இதைவிட மோசமான கனவு கிடையாது. அந்த அம்மாள் இனி ஒரு தரம் மழையில் உட்கார்ந்து வாசிக்கப் போவதில்லை.

"வெர்லீன்." லான்சோ தரையைப் பார்த்துப் பேசினார். "வெளியில எல்லாரும் முடிவே பண்ணிட்டாங்க. நீ கெடுத்துட்டன்னு."

"தெரியும்."

"அப்படியே இருக்கட்டுமே."

வெர்லீன் குழாயைத் திருகித் தண்ணீரைக் குறைத்தாள்.

"முப்பது வருஷம்மா" என்றார். "ஊர் பூரா சொல்லிட்டேன். ஒரு ரோல் மாட்டத் தெரியாதவன்னு நாளைக்கு அந்த மியூசியம்காரி முன்னாடி நிக்கணுமா? உனக்கு இது புதுசா? ரெண்டு மாசம் பேசுவாங்க, அப்புறம் விட்டுருவாங்க. ஆறு வருஷத்துக்கு முன்னாடி உன்னைச் சேர்க்கலாம்னு மொதல்ல கை தூக்கினது யாரு?"

அவர்தான். அதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், 'சரி' என்ற சொல் அவள் தொண்டைவரை வந்துவிட்டது. பழகின பழிதானே. சுமக்கிற தோளுக்கு இன்னும் ஒரு மூட்டை. அவள் வாயைத் திறப்பதற்குள் லான்சோவே தொடர்ந்தார்.

"ஆனா அந்தப் படத்தை நீ குடுக்க முடியாது."

"எந்தப் படத்தை?"

"டீக்கன் படத்தை. யோசிச்சுப் பாரு. திங்கக்கெழம சர்ச்சுல எல்லார் கையிலயும் அது இருக்கும். ரூடெல் வருவான், டக்கிள் வருவாரு. அது மேல பியானோ தடம் ஒண்ணுகூட இல்லைன்னா பச்சைக் கொழந்தைக்கும் புரிஞ்சிரும். ரெண்டும் கெட்டுப்போச்சுன்னு சொல்லிருவோம். அவங்ககிட்ட வேற படம் இருக்கும்ல?"

"இருக்கு" என்றாள் வெர்லீன். "ஹோட்டல் தொப்பியோட."

லான்சோ நிமிர்ந்தார்.

"நாப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ஓட்டின தொப்பி. அந்தப் படத்தோட அவரை அனுப்ப மாட்டேன்னு அந்தம்மா எங்கிட்ட சொன்னாங்க. அவரு உசிரைக் கையில புடிச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் நிமிந்து உக்காந்தாரு, எதுக்குன்னு நினைக்கிறீங்க?" அவள் நிறுத்தவில்லை. "பழியா? என் தலைமேல போடுங்க, நான் வேணாம்னு சொல்லலை. கொஞ்சம் முன்னாடி ஒத்துக்கவே போனேன். ஆனா அந்த மனுஷன் முகத்து மேல கை வைக்க விட மாட்டேன்ணே."

லான்சோ எழுந்து தண்ணீரிலிருந்து ஃபிலிமைத் தூக்கினார். மற்றக் கை மேசைமேல் இருந்த கத்திரிக்கோலை எடுத்தது. நுனியில் வளைந்த துண்டை வெட்டத்தான் எல்லாரும் அதை எடுப்பார்கள். அவர் வெட்டவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் நின்றார். பாய்ந்து பிடுங்கினால் ஈர ஃபிலிம் கிழிந்துவிடும், கத்தினால் அவர் கை என்ன செய்யும் என்று தெரியாது. நாலு விரற்கடை தூரத்தில் டீக்கனின் முகம் கத்திரிக்கோலுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் பார்வை ஃபிலிமின்மேல் விழுந்தது. விழுந்த இடத்தில் நின்றது. பூதக்கண்ணாடி இல்லாமலே, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வெளிச்சத்துக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டு போனார். வெகுநேரம் பார்த்தார்.

"இருபத்திரெண்டு" என்றார். மோவாயால் ஒரு கட்டத்தைக் காட்டினார். "தன் கையையே பார்க்கிறாரு பாரு. இதைப் போடு."

வெர்லீன் எட்டி அவர் கையிலிருந்து கத்திரிக்கோலை வாங்கினாள். தடுக்கவில்லை. அதன்பிறகு ஃபிலிமையும் வாங்கினாள்.

"எட்டு" என்றாள். "அந்தம்மா முகத்தைக் கேட்டாங்க. எட்டுல நேரா பார்க்கிறாரு."

லான்சோ எட்டாவதைப் பார்த்தார். "ஆமா" என்றார். "எட்டுதான்." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போனார். கதவு முழுதாகச் சாத்தவில்லை.

வெர்லீன் மின்விசிறியைப் போட்டு ஃபிலிமைக் காயவைத்தாள். மணி இரண்டேகால். கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது, காது மட்டும் கதவருகில் இருந்தது.

"நாக்கு பிடிக்கலை" என்று லான்சோ சொல்வது கேட்டது. "அவ ஒண்ணும் பண்ணலை. நான்தான். ஃபிலிம் நகரவே இல்லை. பியானோ கியானோ எதுவும் கிடையாது."

இப்போது விழும் அடி என்று வெர்லீன் தோளைக் குறுக்கிக்கொண்டாள், அடி தன்மேல் விழப்போவது போல.

"அட விடு லான்சோ" என்றார் டக்கிள். நாற்காலி இழுபடும் சத்தம். "உக்காரு. இது யாருக்கும் நடக்கிறதுதான்."

"எனக்கு நடந்திருக்கு" என்றான் ரூடெல். "எங்க அண்ணன் கல்யாணத்துல. ஒரு படம் இல்லை. இன்னிக்கு வரைக்கும் எங்க அண்ணிகிட்ட கேமரா ரிப்பேர்னு சொல்லி வச்சிருக்கேன்."

யாரோ சிரித்தார்கள். டக்கிள் தான் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே ஒரு பிஷப்பை முழு மத்தியானமும் எடுத்த கதையைச் சொன்னார். இன்னொருவர் தன் கதையைச் சொன்னார். "மீனைச் சாப்பிடு, ஆறிப்போகுது" என்று யாரோ லான்சோவுக்குத் தட்டை நகர்த்தினார்கள். கடைசியில் லான்சோவும் சிரித்தார், அழுவதும் சிரிப்பதும் கலந்த ஒரு சிரிப்பு. கதவைச் சாத்திச் சிவப்பு விளக்கைப் போட்ட பிறகும் வெர்லீன் பலகை வழியே எல்லாவற்றையும் கேட்டாள். மருந்துத் தட்டில் போட்ட தாளில் டீக்கனின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்துவந்தது. நெகடிவில் கறுத்திருந்த நெற்றி தாளில் வெளுத்து வந்தது, அதை இன்னொரு தாளில் கூடுதல் நேரம் கொடுத்து இறக்கினாள். மூன்றாவது தாளில் சரியாக வந்தது. நேராக அவளைப் பார்த்தார்.

நாலேகாலுக்குப் படத்தைக் காயவைத்து, அட்டைக்குள் வைத்து, கவுன்மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். எல்லாரும் திரும்பினார்கள்.

"காமிம்மா" என்றார் டக்கிள்.

காட்டினாள். எல்லாரும் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒருவரும் கேலி பேசவில்லை. டக்கிள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தையும் காலியாகிவிட்ட பட்டியலின் முதல் வரியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நடுச் சுவர்ல இது நிக்கும்" என்றார்.

"அது கிட்டென்ஸ் அம்மா சொல்லணும். கேட்டுட்டு வர்றேன்."

"சரி, கேளு. ஒரு வாய் மீன் சாப்பிட்டுட்டுப் போ" என்றான் ரூடெல், தட்டை நீட்டி. நல்ல பையன்தான், நல்ல மனசோடுதான் நீட்டினான்.

வெர்லீன் தட்டை வாங்கவில்லை. அவளுக்குக் கோபம்கூட இல்லை, அழுகைதான் வந்தது. அதை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"இது யாருக்கும் நடக்கிறதுதான்னு இப்ப அண்ணன்கிட்ட சொன்னீங்களே. மத்தியானம் நான் செஞ்சேன்னு நினைச்சப்ப அதை ஏன் எங்கிட்ட சொல்லலை?"

ரூடெலின் கை நீட்டினபடியே நின்றது. டக்கிள் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு எதையோ தேடுவது போலக் குனிந்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் நின்று, ஆளை இறக்கிவிட்டு, கிளம்பிப் போயிற்று.

"கேக்கிறா இல்லை" என்றார் லான்சோ நாற்காலியிலிருந்து. "பதில் சொல்லுங்கடா."

ஒருவரும் சொல்லவில்லை. லான்சோவும் சொல்லவில்லை. அச்சகம் பூட்ட நாற்பது நிமிஷம்கூட இல்லை. வெர்லீன் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நாலு மாடியும் இறங்கினாள்.